கொரோனா டிரெஸ் சாமி

எங்கள் அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி ஒரு புளியமரம் இருக்கிறது. அதில் ஒரு லட்சம் வவ்வால் தொங்குகிறது என்று நான் யாரிடமாவது சொன்னால், என் மனைவி சந்திரகலா சமையலறையிலிருந்தே "ஐந்நூறு" என்று திருத்துவாள். எங்கள் மாடியில் குடியிருக்கும் ஆராய்ச்சி மாணவி கவிநிலா எண்ணிப் பார்த்துவிட்டு முந்நூற்றுச் சொச்சம் என்றாள். எண்ணுவதற்கென்று அவளுக்கு உதவித்தொகை வருகிறது. எனக்கு அப்படி எதுவும் வருவதில்லை என்பதால் லட்சத்திலேயே நின்றுகொண்டேன். சர்வேயராக இருந்த காலம் முழுக்க ஓர் அங்குலம் கூட்டாமல் குறைக்காமல் நிலம் அளந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் அப்படியே இருந்தாக வேண்டும் என்று எந்த அரசாணையும் என் கண்ணில் படவில்லை.

மரம் சக்கரபாணியுடையது. என் வீட்டுக்குப் பக்கத்து மனைக்காரன். உறவு ஒன்றும் கிடையாது. ஆனாலும் அவன் என்னை மாமா என்பான், நான் அவனை மாப்ள என்பேன். அந்த மனையில் மூன்று மாடிக்கு ரூம் கட்டி, பௌர்ணமிக்கு வருகிற கூட்டத்துக்கு வாடகைக்கு விட வேண்டும் என்பது அவன் கனவு. கனவின் சரியான நடுமத்தியில் மரம் நின்றது. பாதையோரத்து மரத்தைச் சும்மா வெட்டினால் கேள்வி வரும். அதனால், "வவ்வால் நோய் பரப்புகிறது" என்று ஒரு காரணத்தை எழுதி மனு கொடுத்தான். மனுவை வாங்கியவர், "யார் சொன்னது? ஆராய்ச்சி கீராய்ச்சி ஏதாவது இருக்கா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

அந்த வாரமே கவிநிலா எங்கள் மாடி அறைக்குக் குடிவந்தாள். மாட்டு டாக்டருக்குப் படித்தவள். அதற்கு மேலே இப்போது, காட்டு விலங்குகளிடமிருந்து மனிதர்களுக்கும் மனிதர்களிடமிருந்து விலங்குகளுக்கும் நோய் எந்த வழியில் போய்வருகிறது என்று படிக்கிறாள். புளியமரத்து வவ்வால்களின் சிறுநீரைப் பிடித்துச் சோதித்து, எந்தப் பருவத்தில் எந்தக் கிருமி வெளியே வருகிறது என்று ஒரு வருடம் பார்க்க வேண்டும்.

சக்கரபாணிக்கு ஆராய்ச்சியே நேரில் வந்து கதவைத் தட்டிய மாதிரி இருந்தது. இளநீர் வெட்டிக்கொண்டு ஓடிவந்தான்.

"எம்மா, நல்லா ஆராய்ச்சி பண்ணு. இன்னா இன்னா வியாதி கீதோ அத்தினியும் எழுதிடு. ஒண்ணு ரெண்டு ஜாஸ்தியாப் போனாலும் பரவால்ல."

"இருந்தாத்தாண்ணா எழுத முடியும்."

"இல்லாமயா இருக்கும்? நாள் முழுக்கத் தலைகீழாத் தொங்கறவன் யோக்கியனாவா இருப்பான்?"

"இல்லன்னா இல்லன்னும் எழுதுவேன்."

அவன் முகம் மாறியது. இளநீரைத் திரும்ப வாங்கலாமா என்று ஒரு கணம் பார்த்தான். அதற்குள் அவள் குடித்து முடித்திருந்தாள்.

"அண்ணா, ஒண்ணு சொல்றேன். மரத்தை வெட்டினா இன்னும் மோசமாயிடும். வீடு போன வவ்வால் பயந்துபோகும், பட்டினி கிடக்கும். உடம்புல அடங்கிக் கிடக்கற கிருமியெல்லாம் அப்பதான் வெளிய வரும். இங்க இருக்கறது நாளைக்கு உங்க வீட்டு மாமரத்துல தொங்கும். மரம் நின்னா, அது பாட்டுக்கு அது, நாம பாட்டுக்கு நாம." சற்று நிறுத்திவிட்டு என்னிடம் சொன்னாள்: "நடுவுல மரம் போச்சுன்னா என் மூணு வருஷப் படிப்பும் போச்சு சார்."

சக்கரபாணி மனுவை மறந்தான். அனுமதியெல்லாம் வெட்டின பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று, ஆடிப் பௌர்ணமி முடிந்த திங்கட்கிழமைக்கு மரம் அறுக்கும் ஆட்களிடம் சொல்லிவைத்தான்.

கவிநிலாவின் வேலையைச் சொல்லிவிடுகிறேன். விடிவதற்குச் சற்று முன்னால், இரை தேடப் போன வவ்வால்கள் மரத்துக்குத் திரும்பும். திரும்பியதும் முதல் காரியமாக அவை செய்வதைத்தான் நாமும் காலையில் முதல் காரியமாகச் செய்கிறோம். அந்த நேரத்துக்குச் சரியாக மரத்தடியில் வெள்ளைப் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பாள். உச்சி முதல் பாதம் வரை வெள்ளை உடுப்பு. கையுறை, முகமூடி, கண்ணுக்குப் பெரிய கண்ணாடி. விரிப்பில் சொட்டு விழுந்ததும், ரப்பர் குமிழ் வைத்த குழாயால் உறிஞ்சி ஒரு குப்பியில் விடுவாள். குப்பியை அலுமினிய கேன் ஒன்றில் வைப்பாள். மாட்டுக்குச் சினை ஊசி போட வருகிறவர் வண்டியில் கட்டிக்கொண்டு வருவாரே, அதே கேன். மூடியைத் திறந்தால் குளிரில் வெள்ளையாகப் புகை பொங்கும். அந்த உடுப்புக்குள் இருந்து பேசினால் யாருக்கும் புரியாது. அதனால் பேசமாட்டாள்.

அவளுக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. அதன் பெயர் வெள்ளையம்மாள்.

கீழ்பென்னாத்தூரில் இருக்கும் அத்தை. அப்பாவின் அக்கா. தாயில்லாத பெண்ணை வளர்த்துப் படிக்கவைத்தவள். மாட்டு டாக்டர் படிப்பையே, "சாணி மிதிக்கவா உன்னை அனுப்பினேன்" என்று ஒரு வருடம் சொல்லிக்காட்டியவளாம். அவளிடம் போய் வவ்வால் மூத்திரம் பிடிக்கிறேன் என்று சொல்லத் தைரியம் வராமல், மெட்ராஸில் ஏசி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலை என்று சொல்லிவைத்திருந்தாள். இதில் ஒரு சின்னச் சிக்கல். அந்த அத்தை பௌர்ணமி தவறாமல் வேன் பிடித்துக் கிரிவலம் வருகிறவள்.

"அன்னிக்கு மட்டும் மேலயே இருந்துடேன்" என்றாள் சந்திரகலா.

"பௌர்ணமி சாம்பிள் முக்கியம்மா. அன்னிக்குத்தான் கூட்டம் ஜாஸ்தி, சத்தம் ஜாஸ்தி. வவ்வா எப்படி நடந்துக்குதுன்னு பாக்கணும். டிரெஸ் போட்டுட்டா என்னை எனக்கே அடையாளம் தெரியாது."

ஆடிப் பௌர்ணமி. விடியும் நேரம். இரவெல்லாம் நடந்த கூட்டம் எங்கள் ஊரைக் கடந்துகொண்டிருந்தது. நான் காம்பவுண்டுச் சுவரில் காப்பி டம்ளரை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். கூட்டத்திலிருந்து ஓர் அம்மாள் விலகி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மரத்தடிக்கு வந்தாள். கூட நாலைந்து பேர். குத்துக்காலிட்டிருந்த கவிநிலா நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தவள் அப்படியே உறைந்தாள். எழுந்து ஓடினால் நடை காட்டிக்கொடுத்துவிடும் என்று நினைத்தாளாம்.

வந்தது யார் என்று எனக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. வேறு எந்த ஊராக இருந்தாலும், ஒருத்தி வெள்ளை உடுப்பில் விடியற்காலையில் மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்திருந்தால் போலீசுக்குச் சொல்வார்கள். எங்கள் ஊரில் அதற்கு வேறு வழக்கம். சாக்கு கட்டிக்கொண்டு உட்கார்ந்தவரைக் கும்பிட்டிருக்கிறோம். ஒன்றுமே கட்டாமல் உட்கார்ந்தவரையும் கும்பிட்டிருக்கிறோம். பஸ்ஸைத் தவறவிட்டுப் பாதையோரத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த ஒரு எல்ஐசி ஏஜெண்டுக்கு நாலு பேர் பழம் வைத்துவிட்டுப் போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வெள்ளையம்மாள் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு சொட்டு விழுந்தது. பழக்க தோஷத்தில் கவிநிலாவின் கை நீண்டு அதை உறிஞ்சியது. இன்னொரு சொட்டு. அதையும். அத்தையின் கண் அகலமானது.

"பாத்தியா? மரத்துலேர்ந்து தீர்த்தம் எறங்குது. கீழ விடாம புடிக்கிறாங்க."

"கொரோனா டிரெஸ்ஸு போட்டுக்கினு கீறாங்களே அக்கா" என்றான் கூட வந்த கருப்பன், வேன் டிரைவர்.

"ஊரு வியாதியெல்லாம் தன் மேல வாங்கிக்கிற சாமிடா. வாங்கினது வெளிய கசிஞ்சுடக் கூடாதுன்னு கட்டிக்கினு கீறாங்க."

பத்து ஆதீனங்கள் கூடி உட்கார்ந்து யோசித்தாலும் இதைவிடத் தெளிவாக விளக்கியிருக்க முடியாது என்பது என் கருத்து.

கவிநிலா கால் மரத்துப்போய் லேசாக ஆடினாள். "அருள் வருது" என்றாள் அத்தை. குப்பியை வைக்கக் கவிநிலா கேனைத் திறந்தாள். புகை பொங்கியது. அத்தை நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள்.

எழுந்து தூசி தட்டிக்கொண்டு சுவரோரம் என்னிடம் வந்தாள்.

"இன்னாங்க, இந்தச் சாமி பேசவே பேசாதா?"

"இந்த இடத்துல உக்காந்து பேசி நான் கேட்டதில்லம்மா."

"சாப்பாடு?"

"வாயில தண்ணி படாம உக்காந்திருக்கு."

நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உடுப்பைப் போட்டால் கழற்றும்வரை தண்ணீர்கூடக் குடிக்க முடியாது. அதற்கப்புறம், அரைமணி நேரம் காலை நீட்டி உட்கார்ந்ததில் வெள்ளையம்மாளின் முழங்கால் வலி விட்டுப்போனது. இரவெல்லாம் நடந்த யார் உட்கார்ந்தாலும் வலி விடும். ஆனால் அவள் உட்கார்ந்த இடம் அப்படி.

கவிநிலா மாடிக்கு வந்து உடுப்பைக் கழற்றியதும் என்மேல் பாய்ந்தாள்.

"சார், நீங்க உண்மையைச் சொல்லியிருக்கலாமே."

"சொல்றேன். இப்பவே ஓடிப்போய், அம்மா, உள்ள இருக்கறது உங்க பொண்ணுதான்னு சொல்லிட்டு வரவா?"

அவள் குப்பிகளில் தேதி எழுத ஆரம்பித்தாள்.

திங்கட்கிழமை மரம் அறுக்கும் ஆட்கள் மிஷினோடு வந்தார்கள். மரத்தில் மஞ்சள் துணி சுற்றியிருந்தது. குங்குமம், எலுமிச்சை, எரிந்து முடிந்த அகல்கள். கீழ்பென்னாத்தூரில் வெள்ளையம்மாள் வாயைத் திறந்தால் செய்தி வேட்டவலம் போய்ச் சேர ஒரு தேநீர் குடிக்கும் நேரம் போதும் போலிருக்கிறது. வேட்டவலத்திலிருந்து வந்த மேஸ்திரி அருணகிரி மிஷினைக் கீழே வைத்துவிட்டான்.

"சாமி ஒக்கார்ற மரத்துல கைய வெச்சா எனக்குக் கை இருக்காதுங்க."

"சாமியாவது. மாமா வூட்டு மாடியில வாடகைக்குக் கீற பொண்ணுடா அது" என்றான் சக்கரபாணி.

"புகை வந்துச்சாமே."

"அது சினை ஊசி கேன்டா."

"வெட்டணும்னு நெனைக்கிறவன் அப்படித்தான் சொல்லுவான்." அருணகிரி மரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வண்டியேறினான்.

சக்கரபாணி என்னிடம் வந்தான். அவனுக்கு மூளை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

"மாமா, அந்தப் பொண்ணு பேசாத வரைக்கும்தான் சாமி. கூட்டத்துல ஒரு வார்த்தை பேசட்டும், நான் போன்ல புடிச்சு ஊருக்கே போட்டுக் காட்டறேன். சாமி போச்சுன்னா மரம் போச்சு."

கவிநிலாவுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

"நீ ஒண்ணும் பொய் சொல்லலையே. சும்மா இருக்க. சும்மா இருக்கறது பொய்யா?" என்று சமாதானம் சொன்னாள் சந்திரகலா.

"ஆராய்ச்சில அதுவும் பொய்தாம்மா."

"மரம் இருந்தாத்தானே ஆராய்ச்சி?"

கவிநிலா உடுப்பை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனாள். ஒரு வார்த்தையும் பேசாமல் சொட்டுப் பிடித்தாள். மரம் நின்றது. வவ்வால்கள் தொங்கின.

ஆனால் மரத்தடி மாறிவிட்டது. முன்பெல்லாம் அந்த நாற்றத்துக்கு நாய்கூட அங்கே ஒதுங்காது. வவ்வாலும் மனிதனும் ஒருவரையொருவர் கண்டுகொள்ளாமல் கண்ணியமாக வாழ்ந்த இடம். நோய் எப்படிக் கடக்கிறது என்று பார்க்க ஆராய்ச்சி வந்து உட்கார்ந்ததும், கடந்து போக ஆட்கள் வரிசையில் நின்றார்கள். வவ்வால்கள் எங்கெங்கோ தோட்டங்களிலிருந்து கவ்விவந்து பாதி தின்று போட்ட கொய்யாவும் சப்போட்டாவும் மரத்தடியில் கிடக்கும். அதைப் பிரசாதம் என்று பொறுக்க ஆரம்பித்தார்கள்.

"வவ்வா கடிச்சதுதான் இனிப்பு ஜாஸ்தி" என்று ஒருவர் விளக்கம் வேறு சொன்னார்.

கவிநிலா பதறிப்போய் இரண்டு கையையும் வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினாள். "ஆசீர்வாதம் பண்றாங்க" என்று கைகூப்பினார்கள். கடிபட்ட பழங்களை இடுக்கியால் எடுத்து ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கட்டினாள். சாமி கொய்யாப்பழத்தை ஏற்றுக்கொள்கிறது என்று மறுநாள் கூடையோடு வந்தார்கள். முந்தைய மாதம் வீட்டுக்கு வீடு அவள் கொடுத்திருந்த நோட்டீசில் இதெல்லாம் தெளிவாக எழுதியிருந்தது. அதில்தான் சந்திரகலா கறிவேப்பிலை காயவைத்திருந்தாள்.

"சார், இதுக்கு மேல முடியாது. யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா?" என்றாள் கவிநிலா ஒரு மாலை. "இந்த மரத்துல எதுவும் இல்லாமலும் இருக்கலாம். இருக்கான்னு தெரியறதுக்குள்ள திங்கறாங்களே."

"பேசிட்டா மரம்?"

அவள் ஜன்னல் வழியாக மரத்தைப் பார்த்தாள். இருட்டில் ஒவ்வொன்றாக வவ்வால்கள் கழன்று பறந்துகொண்டிருந்தன.

ஆவணிப் பௌர்ணமிக்கு முப்பதாயிரம் பேர் மரத்தடியில் கூடினார்கள். சந்திரகலாவின் கணக்குப்படி நூற்றைம்பது. வெள்ளையம்மாள் கீழ்பென்னாத்தூரிலிருந்து இரண்டு வேன் நிறைய ஆள் கூட்டிவந்திருந்தாள். கூட்டிவந்தவர்களுக்கு முன்னால் சாமியின் முதல் பக்தை என்கிற நடையோடு அவள் வந்தாள். அருணகிரியும் ஆட்களோடு வந்து கும்பிட்டு நின்றான். சக்கரபாணி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விரிப்பின் ஓரத்தில் தயாராக நின்றான். நான் சுவர் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டேன். இந்த வயதில் அது லேசான காரியமில்லை.

வெள்ளையம்மாள் மடியிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்தாள். விரிப்பின் ஓரத்தில் ஒரு மடிப்பு உயர்ந்த வேர் ஒன்றின் மேலிருந்து சரிந்து தொங்கியது; அதன் வழியாக வழிந்ததை டம்ளரில் ஏந்திக்கொண்டாள்.

"எனக்கு ரெண்டு சொட்டு முட்டிக்கு" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். "மிச்சம் எங்க பொண்ணுக்கு. மெட்ராஸ்ல ஏசி ரூம்லயே கெடந்து வெளுத்துப்போச்சு பாவம். வருஷம் ஒண்ணாச்சு, மூஞ்சியக் காட்ட மாட்டேங்குது. இத குடிச்சாவது ஒரு நல்ல எடம் அமையட்டும். மொதல்ல நான் குடிச்சுப் பாத்துட்டு அனுப்பறேன்."

டம்ளர் உதட்டுக்குப் போனது.

கவிநிலா எழுந்தாள். கண்ணாடியும் முகமூடியும் தலையுறையும் ஒரே இழுப்பில் வந்தன.

"அத்தை, வாயில வைக்காத. அது வவ்வா மூத்திரம்."

கூட்டம் அப்படியே நின்றது. அண்ணாமலையும் ஒரு கணம் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்திருக்கும் என்று நினைக்கிறேன். சக்கரபாணியின் போனில் சிவப்புப் புள்ளி மின்னிக்கொண்டிருந்தது.

வெள்ளையம்மாள் டம்ளரை இறக்கினாள். எதிரே வியர்வையில் நனைந்த முகம், கண்ணாடி அழுத்திய தடம், ஒட்டிப்போன முடி. அவள் சோறு ஊட்டி வளர்த்த முகம்.

"ஏண்டி, நீ மெட்ராஸ்ல இல்ல?" குரல் மிகவும் தணிந்திருந்தது. சுவர் மேல் இருந்ததால்தான் எனக்குக் கேட்டது.

"இல்ல அத்தை."

"ஏசி ரூமு?"

"இல்ல."

"இதத்தான் புடிச்சிக்கினு கீறயா?"

"ஆமா. படிப்பு அத்தை. இதுவும் படிப்புதான்."

"போன மாசம் இங்க நான் விழுந்தது உன் கால்லயா?"

பின்னால் கூட்டம் நெருக்கியது. கருப்பன் கழுத்தை நீட்டினான். "இன்னாக்கா, சாமி உன்ன அத்தைங்குது?"

"கேட்டுக்குங்க எல்லாரும்" என்று சக்கரபாணி குரலை உயர்த்தினான். "நான் அன்னிக்கே சொன்னேன். இது படிக்க வந்த பொண்ணு. அது தீர்த்தமும் இல்ல ஒண்ணும் இல்ல. மூத்திரம்னு அதும் வாயாலயே சொல்லிடுச்சு."

வெள்ளையம்மாளைப் பார்த்தேன். முழங்கால் வலி போன கதையை ஒரு மாதம் ஊரெல்லாம் சொன்னவள். இரண்டு வேன் ஆட்களைக் கூட்டிவந்து நிறுத்தியவள். இப்போது, ஆமாம், என் வீட்டுப் பொண்ணு என்னை ஏமாற்றிவிட்டாள் என்று சொன்னால், திரும்பிப் போகும்போது வேனில் எந்த முகத்தோடு உட்காருவாள்? டம்ளரைக் கவிழ்த்துக் கொட்டினாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைக்கப் போனவளை, "துடைக்காத, சோப்பு போட்டுக் கழுவணும்" என்று கவிநிலா தடுத்தாள். அத்தை நிமிர்ந்தாள். சக்கரபாணியை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏம்பா, எத்தினி சாமிகிட்ட நீ தீர்த்தம் வாங்கிக் குடிச்சிருப்ப? எந்தச் சாமியாவது, இது மூத்திரம், குடிக்காதன்னு சொல்லியிருக்கா? உண்மையச் சொன்ன சாமி இது ஒண்ணுதான்."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. இதில் நியாயம் இருக்கிறது என்கிற முணுமுணுப்பு.

"எங்க வூட்டுப் பொண்ணு" என்றாள் வெள்ளையம்மாள், இப்போது எல்லோருக்கும் கேட்கும்படி. "இந்தக் கையால சோறு போட்டு வளத்தேன். சின்னதுலயே எனக்குத் தெரியும், இது சாதாரணப் பொறப்பு இல்லன்னு." பிறகு திரும்பாமலே, பல்லைக் கடித்துக்கொண்டு, "வூட்டுக்கு வா, உன்ன வெச்சுக்கறேன்" என்று சேர்த்துக்கொண்டாள்.

"நான் சாமி இல்லைங்க" என்றாள் கவிநிலா. "நான் படிக்கிற பொண்ணு."

அதைக் கேட்டதும் நாலு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சாமி இல்லை என்று சொல்லும் சாமியையும் அவர்கள் அதுவரை பார்த்ததில்லை.

அவள் பெருமூச்சு விட்டாள். சரி, என்னவாகவோ நினைத்துக்கொள்ளுங்கள் என்று முடிவு செய்த முகம். நோட்டீசில் எழுதியிருந்ததை எல்லாம் அப்படியே சொன்னாள். வவ்வால் கடித்த பழத்தை எடுக்காதீர்கள், தின்னாதீர்கள். கிளைக்கு அடியில் நிற்காதீர்கள். தொட்டுவிட்டால் சோப்பால் கழுவுங்கள். கல் எறியாதீர்கள், வெடி போடாதீர்கள், அதைப் பயமுறுத்தாமல் விடுங்கள்.

"மரத்த வெட்டினா?" என்று கூட்டத்துக்குள்ளிருந்து அருணகிரி கேட்டான்.

"வெட்டினா வீடில்லாம உங்க வீட்டு மரத்துக்கு வரும். பயந்துபோய், நோயைக் கொட்டிக்கினு வரும்."

நூற்றைம்பது தலையும் ஒன்றாகச் சக்கரபாணியின் பக்கம் திரும்பின. அவன் போனைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

அப்புறம் நடந்ததை நான் பெரிதாக்கிச் சொல்லத் தேவையே இல்லை. முப்பதாயிரம் பேர் எங்கள் வீட்டுக் குழாயில் சோப்புப் போட்டுக் கை கழுவினார்கள். சந்திரகலா வைத்திருந்த சோப்பெல்லாம் தீர்ந்து, துணி சோப்பும் தீர்ந்து, கடைசியில் பாத்திரம் தேய்க்கும் சோப்பை அறுத்துக் கொடுத்தாள். கவிநிலாவை அம்பலப்படுத்தத்தான் அன்று மாலை சக்கரபாணி அந்த வீடியோவை வெளியிட்டான். அது சாமியின் முதல் அருள்வாக்கு என்று போன் போனாகச் சுற்றியது. கீழ்பென்னாத்தூர் பக்கம் வீட்டுக்கு வீடு கொய்யாவைக் கழுவிவிட்டுத் தின்கிறார்கள் என்று கேள்வி.

"கிளை முடியற எடத்துலேர்ந்து பத்தடி தள்ளிச் சுத்தி ஒரு கயிறு கட்டினா போதும் சார்" என்றாள் கவிநிலா. ஓய்வுக்குப் பின் தூசு படிந்து கிடந்த என் அளவுச் சங்கிலியை எடுத்தேன். கிளை எங்கே முடிகிறது என்பது காற்றைப் பொறுத்தது. பத்தடி என்பதும் அவரவர் பக்தியைப் பொறுத்தது. வட்டத்தைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டேன். அது சக்கரபாணியின் மனை முழுவதையும் உள்ளே இழுத்துக்கொண்டு அவன் வீட்டுச் சுவரில் போய் முட்டியது.

"மாமா, இது பத்தடியா?"

"சர்வேயர் நீயா, நானா?"

வட்டம் போட்டபோது பக்கத்தில் நாற்பது பேர் கைகூப்பி நின்றார்கள். அவனால் வேறு எதுவும் கேட்க முடியவில்லை. மறுவாரம் கயிற்றுக்கு வெளியே, தன் வாசலில், சோப்பும் இளநீரும் விற்க ஆரம்பித்தான்.

தை மாதம் கவிநிலாவோடு வேலை பார்க்கும் அருண்பிரசாத் வந்தான். முதல் கட்டச் சோதனையில், பயந்த மாதிரி எதுவும் வவ்வால்களிடம் அகப்படவில்லை என்று சொன்னான். மிச்சம் இன்னும் பார்க்க வேண்டுமாம். அதைவிட அவனுக்கு ஆச்சரியம், இந்த ஊரில் ஒருவரும் வவ்வால் பக்கமே போகாமல், அதைத் தொந்தரவும் செய்யாமல் இருந்தது. இப்படி ஓர் ஊரை எங்கும் பார்த்ததில்லை என்றான். பழக்கம் எப்போது தொடங்கியது என்று ஆளுக்கு ஆள் கேட்டு எழுதிக்கொண்டான்.

"எங்க பாட்டன் காலத்துலேர்ந்து" என்றார்கள் பாதையோரக் கடைக்காரர்கள்.

"எங்க முப்பாட்டன் கட்டின கயிறு இது" என்று நைலான் கயிற்றைத் தொட்டுக் காட்டினான் சக்கரபாணி.

விடியும் நேரத்தில் அருண்பிரசாத் என்னிடம் வந்தான். என் ஆயுளிலேயே மிகவும் கஷ்டப்பட்டு, உள்ளதை உள்ளபடி சொன்னேன். "போன ஆவணியிலேர்ந்து தம்பி."

அவன் மரியாதையாகச் சிரித்தான். "உங்களைப் பத்தி ஊர்லயே சொன்னாங்க சார். கொஞ்சம் ஏத்திச் சொல்வீங்கன்னு."

"இது ஏத்தலயே தம்பி, எறக்கித்தானே சொல்றேன்."

"அருண், அவர் சொல்றதுதான் உண்மை" என்று மாடிப்படியில் நின்று கவிநிலா கத்தினாள். உடுப்பை இடுப்புவரை மாட்டியிருந்தாள், அன்று பௌர்ணமி. "எல்லாம் என்னாலதான் ஆரம்பிச்சது. அங்க இருந்தேன்ல நான்."

"நீங்க ரெண்டு பேர்தான் ஆவணிங்கறீங்க. அந்தப் பக்கம் அறுபது பேர் பாட்டன் காலம்னு சொல்றாங்க. ரெண்டு பேரை வெச்சு நான் என்ன எழுத?"

"எங்க அத்தையைக் கேளு. முதல்ல பாத்ததே அவங்கதான்."

வெள்ளையம்மாள் அப்போதுதான் வேனைவிட்டு இறங்கி வந்து, படிக்கட்டின் கீழ் நின்று, "எப்படிக் கறுத்துட்ட பாரு, எவன் கட்டுவான் உன்ன, தலைக்கு எண்ணெ வெக்கிறயா இல்லயா" என்று ஆரம்பித்திருந்தாள். அருண்பிரசாத் கேள்வியைச் சொன்னான். அவள் மருமகளைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள், பின்னால் நின்ற தன் ஊர்க்காரர்களைப் பார்த்தாள்.

"அத்தை, உண்மையச் சொல்லு."

"நீ சும்மா இரு கவி. எழுதிக்க தம்பி. ஆயிரம் வருசம்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை காலம் இந்த ஊரில் தனியாளாக இருந்தவனுக்கு ஒரு துணை கிடைத்த மாதிரி இருந்தது. "மரத்துல வவ்வா எத்தினி இருக்கும்னு நெனைக்கிறீங்க?" என்று அவளிடம் ஆசையாகக் கேட்டேன்.

"ரெண்டு லட்சம் இருக்காது?"

கவிநிலா தலையில் அடித்துக்கொண்டு படியிறங்கினாள். நேரமாகிவிட்டது, வவ்வால்கள் திரும்பத் தொடங்கியிருந்தன. "எண்ணெ வெக்கலன்னா முடி கொட்டிடும், சொல்றது கேக்குதா" என்று வெள்ளையம்மாள் கயிறுவரை பின்னாலேயே திட்டிக்கொண்டு போனாள். கவிநிலா முகமூடியும் கண்ணாடியும் மாட்டி, தலையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு, கயிற்றைத் தாண்டி உள்ளே போனாள். வெள்ளையம்மாள் அந்த வாக்கியத்தை அப்படியே பாதியில் விட்டாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று கண்ணை மூடிக் கும்பிட்டாள்.